கப்பலேறினவள்

எங்கள் வீட்டுப் பெண்களைத் திட்டுவதற்கென்றே ஒரு வசவு இருந்தது: "கப்பலேறினவ மாதிரி." தனியாகச் சினிமாவுக்குப் போனாலும், கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வந்தாலும் ஆயாவின் வாயில் அதுதான் வரும். 1991இல் வேலூரில் விடுதியில் தங்கித்தான் படிப்பேன் என்று நான் அடம்பிடித்தபோது, "போ, போ. கப்பலேறினவ ரத்தம் உங்கிட்ட இல்லாமலா பூடும்?" என்றாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். யார் அந்தக் கப்பலேறினவள் என்று கேட்கத் தோன்றவில்லை. வசவுக்கு யார் விளக்கம் கேட்பார்கள்?

ஆயா படுத்த படுக்கையான பிறகு ஒருநாள் கேட்டேன். "உங்க தாத்தாவோட அப்பனுக்கு ஒரு அக்கா. நேட்டாலுக்குப் பூட்டா" என்றாள். யாரோடு என்று கேட்டேன். "எவங்கூடவோ. எனக்கு இன்னா தெரியும்? தண்ணி எடுக்கப் போனவ திரும்பலியாம். கொடம் மட்டும் கெணத்து மேட்டுல இருந்துச்சாம்." ஆயாவும் அந்த வீட்டுக்கு வாழவந்தவள்தான். மாமியார் சொன்னதை எனக்குச் சொன்னாள். அதாவது, வீட்டில் பிறந்த பெண்ணின் கதையை வீட்டுக்கு வந்த மருமகள்கள்தான் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். வீட்டு ஆண்களிடம் கேட்டால் கதையே கிடையாது. "நம்ம வீட்ல அப்டி யாரும் இல்ல" என்பார் பெரியப்பா. அவ்வளவுதான்.

2018 டிசம்பரில், இல்லாத அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு ஒருவர் வந்தார்.

வேலூரில் கல்லூரியில் வேலைபார்க்கும் தோழி தொலைபேசியில் அழைத்தாள். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார், ஓய்வுபெற்ற செவிலியர், குடியாத்தம் பக்கத்தில் ஒரு ஊரைத் தேடுகிறார், அந்தப் பெயரில் மூன்று ஊர் இருக்கிறது, இரண்டுக்குப் போய்விட்டு வந்துவிட்டார், மூன்றாவது உன் ஊர் என்றாள். அன்று மாலையே வாடகைக் காரில் வந்து இறங்கினார். அறுபதைத் தாண்டியவர். எங்கள் தெருப் பெண்களின் அதே முகம், அதே நிறம். வாயைத் திறந்தால் ஆங்கிலம்.

கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கப்பல் பதிவேட்டில் ஒரு வரியின் நகல். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் என்று கட்டங்கள். வயது 24. வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா, எங்கள் ஊர். உயரம் நாலடி பதினோரு அங்குலம். இடது முன்கையில் பச்சைக் குத்து. வருஷம் 1898. தகப்பன் பெயராக இருந்தது, என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயர்.

முகவரியையும் படத்தையும் வைத்து ஒருவரைத் தெரிந்துகொள்ளும் காலத்தில் இருக்கிறோம். அந்தப் பதிவேட்டுக்கு நாலடி பதினோரு அங்குலமும் பச்சைக் குத்தும் போதும். அதை எழுதியது நாம் பின்னால் வந்து தேடுவதற்காக அல்ல. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிப்பதற்காக.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு இந்தியாவிலிருந்து ஏற்றிப்போனார்கள். 'அக்ரிமென்ட்' என்ற சொல் கூலிகளின் வாயில் தேய்ந்து 'கிர்மிட்' ஆனது. நேட்டாலுக்கு முதல் கப்பல் 1860இல் சென்னையிலிருந்து கிளம்பியது. 'ட்ரூரோ' என்ற அந்தக் கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்தது. 1911இல் இந்த ஏற்றுமதி நிறுத்தப்படும்வரை 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் ஏராளம். 100 ஆணுக்கு 40 பெண் இருக்க வேண்டும் என்பது விதி. தோட்ட முதலாளிகளுக்குப் பெண்கள் வேண்டியிருக்கவில்லை, விதிக்காக ஏற்றிக்கொண்டார்கள். சம்பளத்திலேயே அது தெரியும். ஆணுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி.

அக்காவுக்கு (முறை என்ன என்று எங்கள் தெருப் பெண்கள் அரைமணி நேரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் 'அக்கா' என்று முடிவுசெய்தார்கள்) அவர் வீட்டில் சொல்லிக்கொடுத்திருந்த கதை வேறு. கொள்ளுப்பாட்டியும் அவள் கணவரும் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வியாபாரம் செய்யப் போனவர்கள், கூலிகள் அல்ல என்பதுதான் அந்தக் கதை. தம்பி அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்திருந்த கொடிவழிப் படத்தில் கொள்ளுப்பாட்டியின் பெயருக்குப் பின்னால் ஒரு மேல்சாதிப் பட்டமும் ஒட்டியிருந்தது. காப்பகத்தில் இந்த வரியைக் கண்டுபிடித்தபோது அக்காவுக்கு முதலில் அதிர்ச்சியளித்தது 'கூலி' அல்ல. கணவன் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்ததுதான். அவளோடு யாரும் வரவில்லை. தனியாக வந்திருக்கிறாள்.

எங்கள் வீட்டில் அவள் யாரோடோ ஓடிப்போனவள். அவர்கள் வீட்டில் கணவனோடு போனவள். கடலுக்கு இரண்டு பக்கமும் அவளுக்குத் துணையாக ஒரு ஆணைச் சேர்த்தே கதை சொல்லியிருக்கிறோம். பதிவேட்டில் மட்டும் ஆண் இல்லை.

அன்று வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பெரியப்பா திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போனவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பங்கு கேக்க வந்திருக்காளா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு இருப்பது மூன்று சென்ட் வீட்டுமனை. அரசாங்கம் கொடுத்த பட்டா, அதுவும் பெரியப்பா காலத்தில். 1898இல் நாங்கள் குடியிருந்த குடிசை நின்ற மண்ணே ஆண்டையுடையது. எங்கள் ஆட்கள் படியாட்கள். பங்கு கேட்பதென்றால் எதில் கேட்பது, கடனிலா? ஆனால் பெரியப்பாவைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஒன்றும் இல்லாதிருந்து மூன்று சென்ட் கிடைத்தவருக்கு மூன்று சென்ட்டும் போய்விடும் என்ற பயம் எப்போதும் இருக்கும்.

பெரியம்மா டீ போட்டுக் கொண்டுவந்தாள். காரிலேயே உட்கார்ந்திருந்த டிரைவருக்கும் ஒரு டம்ளர் எடுத்துப்போய்க் கொடுக்கச் சொன்னாள். "இப்பதாங்க குடிச்சேன்" என்று அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். காலையிலிருந்து அவர் எதுவும் குடிக்கவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். ஏன் வேண்டாமென்கிறார் என்று என்னைக் கேட்டார். பதிவேட்டில் சாதி என்ற கட்டத்தைக் காட்டினேன். 'பறையர்' என்று இருந்தது. "இதனால்" என்றேன்.

அக்கா நீண்டநேரம் பேசவில்லை. அந்தச் சொல்லை அவர் முன்பே படித்திருந்தார். அதன் பொருள் என்ன என்று இணையத்தில் தேடியும் பார்த்திருந்தார். ஆனால் 120 வருஷத்துக்கு முந்தைய காகிதத்தில் இருக்கிற சொல் ஒரு டீ டம்ளரைத் திருப்பி அனுப்பும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. தம்பி இதை யாரிடமும் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டதாகப் பிறகு சொன்னார். அங்கே சாதி இல்லை என்பார்களாம். இல்லாத சாதியை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டாராம். தம்பியிடம் பதில் இல்லை.

ஊர் பொருந்துகிறது, தாலுகா பொருந்துகிறது, தகப்பன் பெயர் பொருந்துகிறது. இருந்தாலும் எனக்குள் ஒரு வாத்தியார் உட்கார்ந்துகொண்டு, ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்களே என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை வாயடைத்தது காகிதம் அல்ல. அக்கா தன் பாட்டியைப் பற்றிப் பேச்சுவாக்கில், ஆங்கில வாக்கியத்துக்கு நடுவில், "ஆயா" என்றார். பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். ஆமாம், அங்கே பல தமிழ்க் குடும்பங்களில் அப்படித்தான் என்றார். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதுண்டாம். ஆங்கிலத்தில் அதற்குக் 'கஞ்சிப் பிரார்த்தனை' என்பதுபோல ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வேப்பிலை, முருங்கைக்கீரை, கூழ்ப் பானை எல்லாம் உண்டு. அம்மா சொன்னாள் என்று செய்கிறோம், அர்த்தம் தெரியாது என்றார். பெரியம்மா எழுந்து போய்க் கூழ்ப் பானையைக் கொண்டுவந்து காட்டினாள். அக்கா அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

எழுதத் தெரியாத பெண்கள் வழியாக நான்கு தலைமுறை தாண்டி வந்தது இதுதான். மொழி போய்விட்டது. கூழும் ஆயாவும் மிஞ்சின.

இரண்டு நாள் எங்களோடு இருந்தார். அந்த இரண்டு நாளில் அங்கே நடந்ததைச் சொன்னார். கப்பலத்தை (நான் அப்படித்தான் சொல்ல ஆரம்பித்திருந்தேன்) நேட்டாலின் வடகரையில் ஒரு கரும்புத் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியே போனால் சிறை. வேலை செய்யாத நாளுக்குக் கூலி இல்லை. வயிற்றில் பிள்ளை இருப்பது அந்தக் கணக்கில் ஒரு காரணம் அல்ல. ஒப்பந்தம் முடிவதற்குள் அவளுக்கு ஒரு மகள் பிறந்துவிட்டாள். அந்த மகள்தான் அக்காவின் ஆயா.

1903இல் அவளுடைய ஐந்து வருஷம் முடிந்தது. அதற்குள் இன்னொரு சட்டம் காத்திருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் திரும்பிப் போகாமலும் மறுபடி கையெழுத்துப் போடாமலும் அங்கேயே இருப்பவர்கள் வருஷத்துக்கு 3 பவுண்டு தலைவரி கட்ட வேண்டும். 1895ஆம் வருஷச் சட்டம் அது. ஆணுக்கும் அதே 3 பவுண்டு, பெண்ணுக்கும் அதே 3 பவுண்டு. பிறகு 13 வயதைத் தாண்டிய பெண்பிள்ளைகளுக்கும் 16 வயதைத் தாண்டிய ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்து விதித்தார்கள்.

நான் கணக்கு வாத்தியார். கையில் பேனாவை எடுத்தேன். பெண்ணுக்கு மாதம் 5 ஷில்லிங். பன்னிரண்டு மாதத்துக்கு 60 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஆக, 3 பவுண்டு. ஒரு பெண் முதல் வருஷம் முழுக்கக் கரும்பு வெட்டிச் சம்பாதித்ததும், சும்மா அந்த மண்ணில் நிற்பதற்கு அவள் கட்ட வேண்டியதும் ஒரே தொகை. கூலி கொடுக்கும்போது பெண் பாதி ஆள். வரி வாங்கும்போது முழு ஆள். இதைவிட நேராக அந்த அமைப்பை எனக்கு யாரும் விளக்கியதில்லை.

1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்பது அதன் சாரம். ஒரே நாளில் இந்தியப் பெண்கள் மனைவிகள் இல்லை என்றாகிவிட்டார்கள். அந்த ஆண்டின் சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கினார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி நியூகாசில் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசி வேலையை நிறுத்தவைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. 1914இல் தலைவரி ஒழிந்தது, திருமணங்களுக்கும் அங்கீகாரம் கிடைத்தது. சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22இல் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மையை நான் வகுப்பில் பாடம் நடத்தும் பக்கத்து அறைகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் அவர் பிறந்தது 1898. எங்கள் கப்பலத்தை கப்பலேறிய அதே வருஷம். பாடப்புத்தகத்தில் நான் எத்தனையோ முறை கடந்துபோன அந்தப் பெயருக்கும் ஆயாவின் வசவுக்கும் நடுவில் ஒரே கடல்தான் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகான கதை அக்காவின் நினைவில் இருப்பது. ஆயாவும் அம்மாவும் டர்பன் நகரத்தை ஒட்டிய கேட்டோ மேனரில் குடியிருந்தார்கள். தகரக் கொட்டகை, பின்னால் கீரைப்பாத்தி. இனவாரிக் குடியிருப்புச் சட்டம் 1950இல் வந்தது. அந்தப் பகுதி வெள்ளையருக்கு என்றாகி, இந்தியர்களைச் சாட்ஸ்வொர்த் என்ற புதுக் குடியிருப்புக்குத் தூக்கியெறிந்தார்கள். அம்மா துணி ஆலையில் சட்டைக் காலர் தைத்தாள். அந்தச் சம்பளத்தில் அக்கா செவிலியர் படித்தார். கரும்பு வெட்டியவள், கீரை விற்றவள், காலர் தைத்தவள், ஊசி போட்டவள். தம்பியின் கொடிவழிப் படத்தில் இந்த நான்கு பேரும் யாருக்கோ மனைவி, யாருக்கோ மகள். இவர்களின் வேலையைக் குறிக்க அதில் இடம் இல்லை.

இரண்டாம் நாள் இரவு நான் மனதில் இருந்ததைக் கேட்டேன். ஏன் போனாள்? பஞ்சமா? தாது வருஷப் பஞ்சத்தில் அவள் இரண்டு வயதுக் குழந்தை. அதில் பிழைத்தவள். புருஷன் செத்துப்போனானா? அடித்தானா? ஆள்பிடிகாரன் ஏமாற்றினானா? கப்பலேற்றுமுன் அதிகாரி ஒருவர் முன்னால் நிறுத்தி, சம்மதித்துத்தான் போகிறாயா என்று கேட்பது சட்டம். எங்கள் சேரியில் பிறந்த ஒருத்தியிடம் அதற்கு முன் யாரும், எதற்கும், உனக்குச் சம்மதமா என்று கேட்டிருக்க வாய்ப்பில்லை. முதல்முறை கேட்டவன் அவளைக் கூலியாக ஏற்றுமதி செய்கிறவன். வயிறு காய்ந்தவள் சொல்லும் 'சரி'யை நான் விடுதலை என்று எழுத மாட்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஏமாந்துபோனாள் என்றும் எழுத மாட்டேன். இரண்டிலும் அவள் இல்லை.

அப்போது பெரியம்மாதான் பேசினாள். நாற்பது வருஷம் ஊரார் நிலத்தில் நாற்று நட்டவள். "கொடம் கெணத்து மேட்டுல இருந்துச்சுன்னு சொன்னாங்கல்ல, அது ஓடிப்போனதால சொன்னது இல்ல" என்றாள். "அவ அப்பன் ஆண்டைகிட்ட கடன் வாங்கினவன். படியாள் வீட்டுப் பொண்ணு வேலைய விட்டுட்டுப் போனா அப்பனைக் கட்டிவெச்சு அடிப்பான். தெரிஞ்சு அனுப்பினோம்னு சொல்ல முடியுமா? தண்ணிக்குப் போனா, காணோம்னுதான் சொல்லணும். கொடத்த இவங்களே கொண்டுபோய் வெச்சிருப்பாங்க."

எங்களில் யாரும் பேசவில்லை. அக்காவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடிக்கக் கொஞ்சநேரம் ஆயிற்று.

பெரியம்மா சொன்னது நடந்ததா என்பதற்குப் பதிவேடு கிடையாது. ஆனால் இத்தனை வருஷத்தில் அந்தக் கதையில் முதல்முறையாக எல்லாம் பொருந்தியது. ஒருத்தியைக் காப்பாற்ற ஒரு குடும்பம் ஆண்டையிடம் சொன்ன பொய் அது. ஆண்டை போனான், கடன் போனது, பொய் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. எதற்காகச் சொன்னோம் என்பது மறந்த பிறகு, காப்பாற்றச் சொன்ன அதே வார்த்தை அவளை ஓடுகாலியாக்கி, பின்னால் வந்த பெண்களை அடக்கும் வசவாகிவிட்டது. ஆயா என்னைத் திட்டும்போது, தன் மாமியாரின் மாமியார் யாரையோ காப்பாற்றிய வாக்கியத்தைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கே அது தெரியாது.

எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரிக்குப் படைப்பது வழக்கம். வீட்டில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ செத்துப்போன பெண்களுக்குப் புடவை வைத்து, இலை போட்டு, பெயர் சொல்லிக் கும்பிடுவோம். எந்தப் பெயரைச் சொல்வது, எதை விடுவது என்பதெல்லாம் பெரியவர்கள் பார்த்து முடிவுசெய்வது. கப்பலேறினவள் பெயர் அந்த வரிசையில் இருந்ததில்லை. அடுத்த ஆடியில் பெரியம்மா ஒரு இலை அதிகமாகப் போட்டாள். அவள் கன்னியா சுமங்கலியா என்று கணக்குத் தெரியாமல் எப்படிப் படைப்பது என்றார் பெரியப்பா. "பொம்பள. அது போதும்" என்றாள் பெரியம்மா. டர்பனிலிருந்து அக்கா கைப்பேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்திலும் ஒரு பானை இருந்தது.

இந்தக் கட்டுரையில் அவள் பெயர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அக்காவின் தம்பி இன்னும் சம்மதிக்கவில்லை. சாதியும் தனியாக வந்த செய்தியும் சேர்ந்திருக்கிற பக்கத்தில் கொள்ளுப்பாட்டியின் பெயர் அச்சாகக் கூடாது என்கிறார். தம்பியோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன், அதுவரை பொறு என்று அக்கா கேட்டார். பொறுக்கிறேன். ஆனால் இதை எழுதும்போது கை கூசுகிறது. அவள் பெயரை விட்டுவிட்டுக் கதை சொன்னவர்களின் வரிசையில் இப்போது நானும் நிற்கிறேன்.

படையலில் பெரியம்மா அதைச் சத்தமாகத்தான் சொன்னாள். தெருவில் நின்றவர்களுக்கும் கேட்டது.